மலை லைன்

"கையைக் கொஞ்சம் ஒதுக்குங்க பாய், மறைக்குது."

செல்போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி சொன்னாள் ஜெயசுதா. பழைய கார்ட்ரிட்ஜின் மேல் டிரில்லை வைத்திருந்த சுஃப்யான் கையை ஒதுக்கினான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. தன்மேல் புகார் சொல்ல அவள் ஆதாரம் சேர்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஜமுனாமரத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் ஜெயசுதா. அவள் பிரிண்டருக்குப் பக்கத்தில் நாலு இங்க் டேங்க் வைத்து, டியூப் வழியாக இங்க் தானாகவே கார்ட்ரிட்ஜுக்குப் போகிற மாதிரி அவன் மாற்றிக் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக பைக்கில் மலையேறி சர்வீஸுக்கு வருவது இது நாலாவது தடவை. ஆறு மாதம் சர்வீஸ் இலவசம் என்று பில்லில் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான், யாரை நொந்துகொள்வது?

அவனுடைய ஓனர் உமர் ஃபாரூக் தெளிவாகச் சொல்லியிருந்தார். "மலை மேல எட்டு பிரிண்டர் கீது. எட்டையும் டேங்குக்கு மாத்திட்டன்னா மலை லைனே உன்னுது. ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்துச்சி, மறுபடியும் டியூப் கழுவுற டேபிள்தான்." லைன் கைக்கு வந்தால்தான் அவன் கட்டிக்கொள்ள நினைத்திருக்கும் அஃப்ராவின் வீட்டில் நிக்காஹ் பேச்சையே எடுப்பார்கள்.

எட்டில் முதலாவதே இப்படி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

முதல் தடவை, டேங்குகளைத் தூக்கி ஷெல்ஃப் மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். மேலிருந்து இங்க் மொத்தமும் இறங்கி பிரிண்டர் மஞ்சத்தண்ணி விளையாடியிருந்தது. "இங்க்குன்னா சரஸ்வதி பாய், கீழ வெப்பாங்களா?" என்று கேட்டாள். பிரிண்டர் எந்த மட்டமோ டேங்கும் அதே மட்டம் என்று அவன் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது தடவை நீல டியூப் முழுக்கக் காற்று. சிரிஞ்சு போட்டு உறிஞ்சி எடுத்தான். மூன்றாவது தடவை கருப்பு கார்ட்ரிட்ஜையே காணோம். "எலி இழுத்துனு போய்ட்ச்சி போல" என்றாள். பையில் கிடந்த பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்கு அங்கேயே உட்கார்ந்து ஓட்டை போட்டு மாட்டினான்.

ஒரு தடவை செய்த தப்பை மட்டும் அவள் மறுதடவை செய்ததே இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

இன்றைக்குக் கலர் கார்ட்ரிட்ஜ். கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். கூடவே வீடியோ வேறு.

நாளைக்கு யாரும் தன்மேல் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று சுஃப்யான் போனைப் பார்த்துச் சத்தமாகவே பேசினான். "மேல ஸ்டிக்கர உரிச்சாச்சி. கலருக்கு மூணு ஓட்டை. இது சிவப்பு, இது நீலம், இது மஞ்ச. மாத்திப் போட்டா கலரே மாறிப்புடும். டிரில்ல மூடியோட நிறுத்திடணும், உள்ள ஸ்பாஞ்சுல எறங்கக் கூடாது. பாத்துக்கோங்க, நான் எல்லாம் கரெக்டாத்தான் செய்றேன்!"

"மெதுவாச் சொல்லுங்க, இன்னா அவசரம்?" என்றாள். ஓட்டைகளைக் கிட்டத்தில் காட்டச் சொல்லி அதையும் எடுத்துக்கொண்டாள்.

"ஒடஞ்சத நான் எடுத்துனு போறேங்க்கா."

"அது இங்கியே கெடக்கட்டும் பாய்."

இரண்டாவது ஆதாரம். சுஃப்யான் டியூபுகளைச் செருகி, காற்றெடுத்து, பிரிண்டரைப் போட்டான். தேன் பாட்டிலுக்கு ஒட்டுகிற லேபிள் ஒன்றை அவள் அடித்துப் பார்த்தாள். தேனீயின் வயிறு பளிச்சென்று மஞ்சளாக வந்தது.

"யக்கா, அந்த வீடியோவ எங்க ஓனருக்கு அனுப்பிடாதீங்க. என் பொழப்பே இதுலதான் கீது."  அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"உங்க ஓனருக்கா? அவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே. அனுப்பி இன்னா ஆவப்போவுது?"

போன உயிர் திரும்பி வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அப்ப நான் ஸ்கூலு, ஹாஸ்டலு, தேன் சங்கம்னு ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேங்க்கா. மீதி ஏழு பிரிண்டருக்கும் ஆர்டர் புடிக்கணும். யாராவது கேட்டா இந்த டேங்க் சிஸ்டம் நல்லா ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"அதெல்லாம் அப்பவே சொல்லிட்டேன். ஏழுலயும் டேங்க் மாட்டியாச்சே பாய்."

சுஃப்யான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"யாரு மாட்னது? திருப்பத்தூர் கடை ஆளுங்களா?"

ஜெயசுதா மேஜைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து, உடைந்த கார்ட்ரிட்ஜை அதில் பத்திரமாக வைத்தாள். பெட்டிக்குள் ஒரு டிரில் இருந்தது. நாலு சிரிஞ்சு, ஒரு சுருள் டியூப். கூடவே, எலி இழுத்துக்கொண்டு போன கருப்பு கார்ட்ரிட்ஜ்.

"கருப்பு அப்பவே ஓடுது. கலருக்குத்தான் பாய், ஓட்டை எங்க போடறதுன்னு தெரியாம நின்னுனு இருந்துச்சி."