இடப்பக்கக் கழுத்து

"இடப்பக்கம் மட்டும்தான் அரிக்குதா?" தோல் டாக்டர் கணவனின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். காதடியிலிருந்து தோள்வரை சிவந்து தடித்திருந்தது.

"ஆமா டாக்டர், உயிர் போகுது."

"சென்ட் அலர்ஜி மாதிரி இருக்கு. நீங்க சென்ட் போடுவீங்களா?"

"ஐயோ, இவருக்கு அது ஆகவே ஆகாது டாக்டர்," என்று மனைவி முந்திக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல நான் போட்டு, இதே மாதிரிதான் தடிச்சுது. அன்னைக்கே சென்ட்டைத் தலைமுழுகிட்டேன்."

"அப்ப வேற யாரோ போடறாங்க. ரொம்ப ஒட்டி நின்னாத்தான் இப்படி வரும்."

கணவன் சொறிவதைச் சட்டென்று நிறுத்தினான். "பஸ்ல... ஒரே கூட்டம் டாக்டர்."

"நீங்க கார்லதானேங்க போறீங்க?" என்றாள் அவள் அப்பாவியாக.

வீட்டுக்கு வந்ததும் களிம்பைப் பதமாகத் தடவிவிட்டாள். அவன் முனகிக்கொண்டே கண்ணயர்ந்தான்.

அவளுடைய கைப்பேசி மினுங்கியது. அவன் அலுவலகத்துச் செக்ரட்டரி.

"அக்கா, என் பிறந்தநாளுக்கு நீங்க குடுத்த சென்ட் பிரமாதம்! தினமும் அதைத்தான் போடறேன்."

அவள் நிதானமாகப் பதில் எழுதினாள்.

"நான் புதுப்பொண்ணா இருந்தப்ப போட்ட அதே சென்ட்தாம்மா அது. தீர்ந்தா சொல்லு, இன்னொரு பாட்டில் வாங்கித் தரேன்."