கூடத்தில் பன்னிரண்டு படங்கள்

"ஒத்தப் படத்தைக்கூட வெளிய கொண்டு போகக் கூடாது, முதலாளியம்மா!"

வாசலில் செருப்பைக் கழற்றிய சூட்டோடு சங்கிலிமுத்து இப்படிச் சொல்வார் என்று யோகலட்சுமி எதிர்பார்க்கவில்லை. நல்ல சேதி சொல்லத்தான் அவரை வரச் சொல்லியிருந்தாள்.

"முதல்ல உக்காருங்கண்ணே. மதுரையில பெரிய கண்காட்சி. பன்னெண்டு படத்தையும் கேக்காக. பேப்பர்ல உங்க பேரு வரும்."

"பேரு வேணாம்மா."

சங்கிலிமுத்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்தவர். அவர் வரைந்த மயிலின் இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். ஆனால் இந்தப் பன்னிரண்டு படங்களும் வேறு மாதிரி. படம் முழுக்க மஞ்சள் வெளிச்சம். அதற்குள் கலங்கலாக ஒரு வேப்பமரம், ஒரு ஷெட்டு, ஒரு சின்ன உருவம். "மழையில நனைஞ்சிருச்சா?" என்று பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் யோகலட்சுமியின் கணவர் ஆண்டிச்சாமிதான். தன் பட்டாசுக் கம்பெனியை விற்றுவிட்டுக் காலண்டர் பிரஸ் தொடங்கிய நாளிலிருந்து, வருஷத்துக்கு ஒரு படம் வாங்கினார். ஒன்றைக்கூடக் காலண்டரில் போட்டதில்லை. கூடத்தில் வரிசையாக மாட்டி, சாயங்காலமானால் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். காபி ஆறி ஏடு கட்டிவிடும்.

மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். யோகலட்சுமிக்கோ பெருமை தாங்கவில்லை. சிவகாசியிலேயே ரசனை உள்ள ஒரே ஆம்பளை தன் புருஷன்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் போய் மூன்று மாதமாகிறது. அவர் தூக்கிவிட்ட ஓவியரை ஊரறியச் செய்துவிட்டால் அவர் ஆத்மா குளிரும் என்று, அழுகையை அடக்கிக்கொண்டு மதுரைக்கும் சிவகாசிக்கும் அலைந்திருந்தாள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் இவர் வேண்டாம் என்கிறார்.

"உங்களை ஆதரிச்ச மனுசனுக்கு இதுகூடச் செய்ய மாட்டீகளா?" அவள் சுவரிலிருந்த படங்களைக் கை காட்டினாள். "இந்த அந்திவெயிலைப் பாத்துப் பாத்து எம்புட்டு நாள் கண்ணு கலங்கியிருக்காரு தெரியுமா?"

"அந்திவெயில் இல்லம்மா."

"பின்ன?"

சங்கிலிமுத்து படங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"காலையில ஏழு மணி. வெயில் ஏறுறதுக்கு முன்னாடிதானே ஷெட்டுல வெடிமருந்து கலப்பாக? அது வெயிலே இல்லம்மா. தீ. உள்ள நிக்கிறது எம்மக பாண்டிச்செல்வி. அதைப் போயி நாலு பேரு நின்னு பாத்து, அழகா இருக்குன்னு சொல்லணுமா?"

யோகலட்சுமி படத்திலிருந்த அந்தச் சின்ன உருவத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம பட்டாசுக் கம்பெனி விபத்துல போன பிள்ளை... உங்க மகளாண்ணே? அதையா அவருகிட்ட வருசா வருசம் வரைஞ்சு வித்தீக?"

"என்னால வரைய முடியாதுன்னுதான் சொன்னேன். 'நான் மறந்துரக் கூடாது, வருசத்துக்கு ஒண்ணு வரைஞ்சு குடுய்யா'ன்னு முதலாளிதான் எங்கால்ல விழுந்து அழுதாரு."