முந்தாத சிவப்பு வண்டி

"ஊதியாச்சு இகுயோ! மறுபடியும் ஊதச் சொல்லுது!"

டோகுனாகா தன் பந்தய நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கோடு இணைத்திருந்த குழாயில் கன்னம் உப்ப ஊதினார். எதிரே இருந்த திரை இரக்கமே காட்டவில்லை. 'மது அருந்தியுள்ளீர்கள். வண்டி கிளம்பாது.'

"கேம்தானே? குடிச்சிட்டு ஓட்டினா யார் மேல மோதப் போறீங்க?" என்றாள் மனைவி இகுயோ.

"இது வெறும் கேம் இல்லை. நிஜம் மாதிரியே இருக்கிற கேம்!"

இந்த வசனத்தைக் கேட்டாலே இகுயோவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜப்பானின் ஹமாமட்சு நகரத்தில் இருந்த அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. அதில் ஒன்றை இந்த நாற்காலியும் ஸ்டீயரிங்கும் பெடல்களும் நான்கு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தன.

"போன மாசம் சுவத்துல மோதினீங்க. வண்டி ஒர்க்‌ஷாப்புல இருக்குன்னு மூணு நாளா திரையில மூடின ஷட்டரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க. இதுல என்னங்க ஜாலி இருக்கு?"

"அந்த ஷட்டர்ல இருந்த துருவைப் பார்த்தியா? என்ன தத்ரூபம்!"

இகுயோ கையிலிருந்த ஸ்டிக்கரைக் காட்டினாள். பெரிய சாமான்களைக் குப்பையில் போட நகராட்சி விற்கும் ஸ்டிக்கர் அது. ஒட்டி வாசலில் வைத்தால் நாளைக் காலை லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இன்றைய இறுதிப் போட்டியிலும் தோற்றால் நாற்காலி குப்பைக்கு என்று கணவன் மனைவி ஒப்பந்தம். எதிராளி, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் அமானோ; தன் வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக ஓட்டுவான். அவனிடம் டோகுனாகா தோற்காத போட்டியே கிடையாது.

"போட்டி இருக்கிற அன்னிக்கு எதுக்குக் குடிச்சீங்க?"

"மேனேஜர் ஓய்வு பெறுற விருந்தாச்சே. அந்தப் பாவி அமானோ பக்கத்துல வந்து உட்கார்ந்து ஊத்திக்கிட்டே இருந்தான். ஊத்தினா குடிக்கணும், திருப்பி ஊத்தணும். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

சட்டென்று டோகுனாகாவின் முகம் மலர்ந்தது. போனை எடுத்தார்.

"ஹலோ, ஒரு ஆக்டிங் டிரைவர் வேணும். உடனே!"

குடித்தவர்கள் அந்த ஊரில் செய்வது அதுதான். ஒருவர் வந்து நம் வண்டியை ஓட்டுவார். அவரைத் திரும்ப அழைத்துப்போக இன்னொருவர் கம்பெனி வண்டியில் பின்னாலேயே வருவார்.

"பின்னால வர்ற ஆள் வேண்டாம்," என்றார் டோகுனாகா போனில். "வண்டி வீட்டை விட்டு வெளியே போகாது."

"உங்களுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு," என்றாள் இகுயோ.

"நிஜத்துல கூப்பிடலாம்னா இதுலயும் கூப்பிடலாம். போட்டி விதியிலேயே இருக்கு!"

கொஞ்ச நேரத்தில் மிசுதா என்கிற டிரைவர் வந்தார். ஷூவைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைத்துவிட்டு, வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"வண்டி எங்கே சார்?"

டோகுனாகா நாற்காலியைக் காட்டினார். மிசுதா சிரிக்கவில்லை. குனிந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கீறல் ஏற்கெனவே இருக்கிறதுதானே சார்?"

"ஆமா, ஆமா."

"எங்கே போகணும்?"

"இங்கேருந்து கிளம்பி இங்கேயே வரணும். பத்து சுத்து."

"நடுவுல யாரையாவது இறக்கி விடணுமா?"

"வேண்டாம்!"

மிசுதா ஏறி உட்கார்ந்து குழாயில் ஊதினார். வண்டி உறுமியது. டோகுனாகா இடது பக்கம் மெத்தை போட்டு உட்கார்ந்தார்.

"பெல்ட் போட்டுக்கங்க சார்."

பெல்ட்டுக்கு எங்கே போவது? இகுயோ தலையில் அடித்துக்கொண்டு தன் கிமோனோ இடுப்புப் பட்டையை எடுத்து வந்து கட்டிவிட்டாள்.

திரையில் கொடி அசைந்தது. மிசுதா கண்ணாடியைப் பார்த்தார், இண்டிகேட்டர் போட்டார், நிதானமாகக் கிளம்பினார். வேகம் நாற்பது.

"மிதிங்க! இங்கே வேகக் கட்டுப்பாடே கிடையாது!"

"போர்டு இல்லைன்னா எங்க கம்பெனி ரூல்படி நாப்பதுதான் சார். உள்ளே கஸ்டமர் இருக்கீங்க."

டோகுனாகாவுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்காலி லாரியில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அமானோவின் சிவப்பு வண்டி கண்ணாடியில் நெருங்கிக்கொண்டே வந்தது. முந்தப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முந்தவில்லை. ஒரு சுற்று போனது, மூன்று சுற்று போனது. சிவப்பு வண்டி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க, இடிக்கிற மாதிரி வர்றானே?" என்று இகுயோ ஓடி வந்து உட்கார்ந்தாள்.

"பதுங்குறான்! கடைசி வளைவுல பாயறதுக்குப் பதுங்குறான்!"

"ஐயோ, இடது பக்கம் வர்றான்! டிரைவர் சார், விடாதீங்க!"

"சத்தம் போடாதீங்கம்மா. பள்ளம் வருது, பிடிச்சுக்கங்க."

மிசுதா பிரேக் போட்டால் அதுவும் பிரேக் போட்டது. அவர் இண்டிகேட்டர் போட்டால் அதுவும் போட்டது. ஒரு மணி நேரம் இப்படி. இகுயோ கணவனின் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"ஏங்க, நிஜமாவே ஜாலியாத்தான் இருக்கு!"

கடைசி வளைவு. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மிசுதா நாற்பதிலேயே திரும்பி, நாற்பதிலேயே கோட்டைத் தாண்டினார். ஜெயித்தாயிற்று!

டோகுனாகா குழந்தை போல அழுதார். இகுயோ தானாகவே ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டாள். பட்டையை அவிழ்க்கக்கூட மறந்து, டோகுனாகா நெற்றி தரையில் படும்படி வணங்கினார்.

"அந்த அமானோ பெரிய சூரன் சார். அவனை ஒரு மணி நேரம் முந்தவே விடலையே! அப்படி என்ன வித்தை பண்ணினீங்க?"

மிசுதா கையுறையைக் கழற்றி மடித்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலை சார். அமானோ சாரும் நல்லா குடிச்சிருந்தாராம், அவரும் எங்க ஆபீசுக்குத்தான் போன் பண்ணியிருக்காரு. அங்கே ஓட்டப் போனது என் கூட்டாளி ஒகுமுரா. பாவம், பன்னெண்டு வருஷமா என் வண்டிக்குப் பின்னாலேயே வந்து பழகின மனுஷன்!"