சண்டை போட ஓர் இடம்

வீட்டுக்கடன் வாங்கியவர்களின் வீட்டுச் சுவரில், பேச்சை ஒட்டுக்கேட்கும் ஒரு பெட்டியை வங்கி மாட்டியிருந்தது. தம்பதியர் ஒருவருக்கொருவர் அன்பாகப் பேசினால் வட்டி குறையும். குரல் உயர்ந்தால் வட்டியும் உயரும்.

சிக்கனத்துக்காகத் தர்ஷினி மாதக்கணக்கில் வெறும் ரசத்தோடு ஓட்டிக்கொண்டிருக்க, கணவன் சஞ்சீவ் சட்டையெல்லாம் பிரியாணி மணக்க வந்து நின்றான்.

"ஆபீஸ்ல ரொம்ப வேலையா, தங்கம்?" என்றாள் பல்லைக் கடித்தபடி. "வாங்க, கீழ போய்ட்டு வந்துடலாம்."

கீழ்வீட்டு வரதராஜன் அந்தக் குடியிருப்பிலேயே கடன் இல்லாத ஒரே மனிதர். அதனால் எல்லாத் தம்பதிகளும் அவருடைய ஹாலில்தான் வாடகை கொடுத்துச் சண்டை போட்டார்கள். அழுபவர்களுக்குக் காபி இலவசம்.

அன்றைய வரிசையில் அவர்கள்தான் முதல். கதவு திறந்ததும் தர்ஷினி துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டா, எனக்கு ரசம், உனக்கு மட்டும்..."

"மெதுவாம்மா, மெதுவா!" என்று பதறி ஓடிவந்தார் வரதராஜன். "என் வட்டி ஏறிடும். கூட்டம் தாங்கலைன்னு ஹாலைப் பெரிசாக்க நேத்துதான் லோன் போட்டேன்."

சுவரில் புத்தம்புதுப் பெட்டி பச்சையாக மினுங்கியது.

தர்ஷினி மூச்சை உள்ளே இழுத்து, கணவனின் கன்னத்தை மெல்லத் தடவினாள்.

"வயிறு நிறைய சாப்பிட்டீங்களா, செல்லம்?"

நான்கு அடி வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது சஞ்சீவுக்கு.