ஏழாவது பெயர்

"காலிங் பெல்லை நீங்களே அடிங்க. தப்பு பண்ணினது நீங்கதானே?" என்று மனைவி நகர்ந்து நின்றுகொண்டாள்.

சபைச் செயலாளருக்குக் கை எழவில்லை. காலை ஆராதனையில் நடந்தது அப்படி. வழக்கம்போல, அந்த வாரம் பிறந்த நாள் காணும் பிள்ளைகளின் பெயர்களைப் போதகர் அச்சடித்த சபைத் தாளைப் பார்த்து வாசித்தார். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பிள்ளையாக ஜெபத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஏழாவது பெயருக்கு யாரும் வரவில்லை. எப்படி வர முடியும்? காய்ச்சலில் அந்தச் சிறுமி கர்த்தருக்குள் நித்திரையடைந்து பதினோரு மாதமாகிறது.

அடக்கத்தன்றுகூட அழாத அவள் அம்மா, பெஞ்சிலிருந்து எழுந்துபோய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள். ஜெபம் முடிந்ததும் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

பட்டியல் தயாரிப்பவர் செயலாளர்தான். பழைய பட்டியலைப் பார்த்து எழுதிவிட்டார் என்று சபையே முடிவு கட்டிவிட்டது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல அவருக்கே நம்பிக்கையில்லை. போன வாரம் மனைவியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் தனியாக வீடு வந்து சேர்ந்த ஆள் அவர்.

கதவைத் திறந்தவர் சிறுமியின் அப்பா, அச்சகக்காரர். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் கோயில் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. செயலாளர் எழுந்து நின்று, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், இந்தப் பொறுப்பையே விட்டுவிடுகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"உட்காருங்கண்ணா," என்றாள் அவள். "பதினோரு மாசமா என் காதுபட அவ பேரை யாருமே சொல்லல. இவரும் சொல்லல. சொன்னா நான் உடைஞ்சுடுவேன்னு எல்லாருக்கும் பயம். கர்த்தரும் அவளை மறந்துட்டார்னு நினைச்சு, நான் ஜெபம் பண்றதையே விட்டுட்டேன். இன்னைக்கு அவர் சந்நிதியிலயே அவ பேரைக் கூப்பிட்டாங்க. அவர்கிட்டதான் அவ இருக்கான்னு எனக்கு நிச்சயமாயிடுச்சு. மனசார அழுதேன். வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்."

செயலாளர், இருந்தாலும் என் கவனக்குறைவுதானே என்று மறுபடி ஆரம்பித்தார்.

"நீங்க எங்கண்ணா எழுதினீங்க? கர்த்தர்தான் உங்க கையைப் பிடிச்சு எழுத வெச்சார்."

அதற்குமேல் அவரை அவள் பேச விடவில்லை. அவர் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் அந்தப் பெயரைச் சொன்னாள். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தாள்.

பெண்கள் பேச்சு முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஆண்கள் இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அச்சகக்காரர் கதவை மெல்லச் சாத்தினார்.

"பொறுப்பை விட்டுடாதீங்கண்ணா. நீங்க அனுப்பின பட்டியல்ல ஆறு பேருதான் இருந்துச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "வீட்டுல அவ பேரை வாயால சொல்ல எனக்குத் தைரியம் வரல. அச்சுக்குப் போகும்போது ஏழாவதா நான்தான் சேர்த்தேன். அவ அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, கர்த்தர் செஞ்சதாவே இருக்கட்டும்."