பழைய பதிப்பு

கண்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில், விண்ணப்பங்களை வாசிக்கும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மறுநாள் கிளாக்கர் கிருஷ்ணராஜ் மாரடைப்பில் இறந்தார். மகாவலியில் சாம்பலையும் கரைத்தாயிற்று. புதுசு தகராறு பண்ணியதால் அடுத்த வாரம் பழைய பதிப்பையே திரும்பப் போட்டார்கள். கிருஷ்ணராஜும் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

மனைவி புஷ்பம் அம்பிட்டியவிலிருந்து ஓடி வந்தாள்.

"பொட்டு வைக்க மறந்துட்டியா?" என்றார் அவர்.

மனேஜர் அவளைத் தேற்றினார். "பயப்படாதீங்கம்மா. கோளாறத் திருத்தியாச்சு, இப்பவே மறுபடி புதுசப் போட்டுருவோம்."

"ஐயா, பழசே இருக்கட்டுங்கய்யா!"

"அது ரொம்ப மெதுவும்மா."

புஷ்பம் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இம்முறை புதிய பதிப்பு ஒரு பிழையுமில்லாமல் ஏறியது. கதிரை காலியாக இருந்தது. அவளுடைய விரல்கள் பிடித்தது பிடித்தபடியே இருந்தன.