குமட்டல் ஆராய்ச்சி

தூத்துக்குடி துறைமுகத்தைத் தாண்டியதும் படகு ஆடிய ஆட்டத்தில், மாத்திரை போடாத டாக்டர் ஜெப்ஸி வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் கண்டுபிடித்த பயண வாந்தி மாத்திரைக்கு அன்றுதான் முதல் சோதனை. சோதனைக்காக அந்த மாத்திரையை விழுங்கியிருந்த மீனவர் கஸ்மீரோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, என் ஆராய்ச்சி ஜெயிச்சிட்டு!”

“இதுல ஜெயிக்க என்ன இருக்கு டாக்டரம்மா? இதெல்லாம் ஒரு அலையா? மணப்பாட்டுல பொறந்ததுல இருந்து நான் கடல்லதான கெடக்கேன்.”

ஜெப்ஸிக்கு அழுகை முட்டியது. “பயணம்னாலே வாந்தி வரும்னு சொன்னீயளே!”

“வருமே, பஸ்ல! அதான் காலையில பஸ் ஏறும்போதே உங்க மாத்திரையப் போட்டுட்டேன். தூத்துக்குடி வரைக்கும் சன்னலுக்கு வெளிய தலையே நீட்டலையே!”

ஜெப்ஸி வாளியை உதறிவிட்டுத் துள்ளினாள்.

“படகைத் திருப்பச் சொல்லுங்க அண்ணாச்சி! இனி சோதனை பஸ்லதான். மணப்பாடு பஸ்ல உங்க பக்கத்து சீட்டு எனக்கு!”